படுக்கையறைக் கேள்விகளுக்குச் சாமியாரும் பாஸ்டரும் ஹஜ்ரத்தும் பதில் சொல்லலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் தாம்பத்தியத்தில் சிக்கல் என்றால் பல குடும்பங்கள் முதலில் டாக்டரிடம் போவதில்லை. கோடாங்கியிடம் குறி கேட்கிறார்கள், ஆராதனை முடிந்ததும் பாஸ்டரைத் தனியாகப் பார்க்கிறார்கள், ஜும்ஆ முடிந்து ஹஜ்ரத்திடம் யோசனை கேட்கிறார்கள், மடத்துக்குப் போய்க் காலில் விழுகிறார்கள். அங்கே கிடைக்கும் பதிலை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பெற்றோரும் இளைஞர்களும் தம்பதிகளும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: நம்பலாமா, கூடாதா?

என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உடம்பைப் பற்றிய கேள்வி என்றால் டாக்டரிடம் போக வேண்டும். குற்றம் நடந்திருந்தால் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போக வேண்டும். துரோகம் செய்த துணையை மன்னிப்பதா, விரதம் எடுத்தவர் அதை எப்படிக் காப்பது, குற்ற உணர்ச்சியோடு எப்படி வாழ்வது போன்ற மனசாட்சிக் கேள்விகளில் அனுபவமுள்ள ஒரு சமயப் பெரியவரின் பேச்சு உண்மையாகவே உதவும். முதல் இரண்டு வகைக் கேள்விகளையும் மூன்றாவது வகைபோல நினைத்துப் பதில் சொல்லும்போதுதான் கெடுதல் நடக்கிறது. கெட்ட எண்ணமே இல்லாத நல்ல மனிதர்களும் இதைச் செய்கிறார்கள்.

எது ஒழுக்கம், எது பாவம் என்று காலங்காலமாகச் சொல்லி வந்தவர்கள் அவர்கள்தானே?

சொல்லி வந்தார்கள். ஆனால் காலங்காலமாக ஒன்றையே சொன்னார்கள் என்பது சரியல்ல. பெண் குழந்தையோடு உறவு கொள்ளும் வயதை 10-இலிருந்து 12-ஆக உயர்த்த 1891-இல் சட்டம் வந்தபோது சாஸ்திரத்தைக் காட்டி எதிர்ப்புக் கிளம்பியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று திருமண வயதை வைத்த 1929-ஆம் ஆண்டின் சாரதா சட்டத்துக்கும் அதே எதிர்ப்பு. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடுவதை நிறுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடியபோது, அது தெய்வத் தொண்டு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அதற்குத் தடைச் சட்டம் வந்தது. இன்றைக்கு எந்த மடத்திலும் 12 வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவை என்று யாரும் உபதேசிப்பதில்லை.

கிறிஸ்தவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையும் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையும் மதுரையில் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன, இரண்டுக்கும் வேதம் பைபிள்தான். கருத்தடையைப் பற்றி அவை சொல்வது வேறுவேறு. சி.எஸ்.ஐ.யின் வேர்களில் ஒன்றான ஆங்கிலிக்கன் சபையின் ஆயர்கள் 1930-இல் லாம்பெத் மாநாட்டில் அதற்கு ஒரு வரம்போடு இடம் கொடுத்தார்கள். கத்தோலிக்கத் தரப்பில் திருமணமான தம்பதிகளும் டாக்டர்களும் இருந்த ஆணையத்தில் பெரும்பான்மையோர் மாற்றம் வேண்டும் என்றார்கள். ஆறாம் பவுல் போப் 1968-இல் அதை ஏற்காமல் பழைய தடையை உறுதிசெய்தார். இஸ்லாமியச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் கணவனும் மனைவியும் சம்மதித்துச் செய்யும் தற்காலிகக் கருத்தடையை அனுமதிக்கிறார்கள். இந்து மடங்களுக்குப் பொதுவான தலைமையே கிடையாது.

எனவே "எங்கள் மதம் இப்படிச் சொல்கிறது" என்று யாராவது சொன்னால், அது எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவா, அவருடைய சபையின் முடிவா, அவருடைய சொந்தக் கருத்தா என்று கேளுங்கள். நேர்மையானவர் பிரித்துச் சொல்வார்.

பிரம்மச்சாரிக்குத் தாம்பத்தியத்தைப் பற்றி என்ன தெரியும்?

சிலருக்கு நிறையவே தெரியும். இருபது வருடமாக நூற்றுக்கணக்கான தம்பதிகளின் சண்டையைக் கேட்டவருக்கு மனிதர்களைப் பற்றி ஒரு தெளிவு இருக்கும். பிரசவ டாக்டர் ஆணாகவும் இருக்கலாம் அல்லவா? துறவறத்தில் இருப்பதையே ஒரு குறையாக வைப்பதில் நியாயமில்லை. துறவறம்தான் அத்துமீறலுக்குக் காரணம் என்பதும் ஆதாரத்தோடு ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவின் தெற்கத்திய பாப்டிஸ்ட் சபைகளில் போதகர்கள் பெரும்பாலும் மணம் முடித்தவர்கள். அங்கேயும் புகார்களைத் தலைமை பல ஆண்டுகள் அமுக்கிவைத்ததை 2022-இல் வெளியான விசாரணை அறிக்கை காட்டியது.

நம்பகத்தன்மையைக் கெடுப்பவை வேறு. அவரை யாரும் கேள்வி கேட்க முடியாது என்ற நிலை, தனியறைச் சந்திப்பு, புகாரை நிறுவனமே விசாரித்து நிறுவனமே முடித்துக்கொள்வது, பணமும் பக்தியும் ஒரே ஆளிடம் குவிவது. இவை சேரும் இடத்தில் பிரம்மச்சாரியானாலும் குடும்பஸ்தரானாலும் ஆபத்து ஒன்றுதான்.

பையனுக்கு 19 வயசு. "விந்து போனால் ஆயுள் போகும், ஒரு சொட்டு நாற்பது சொட்டு ரத்தத்துக்குச் சமம்" என்று ஒரு சாமி சொன்னதிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை.

அது தவறான தகவல். ஒரு தடவை வெளிவரும் விந்து பொதுவாக 1.5 முதல் 5 மில்லி வரை. அதில் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் திரவம், உயிரணு மிகச் சிறு பங்கு. ரத்தத்திலிருந்து சொட்டுச் சொட்டாக அது காய்ச்சப்படுவதில்லை. கணக்குப் போட்டும் பார்க்கலாம்: 3 மில்லி விந்து நாற்பது மடங்கு ரத்தம் என்றால் 120 மில்லி. மூன்று தடவை சுய இன்பம் செய்தவர் ரத்ததான முகாமில் ஒருவர் கொடுக்கும் 350 மில்லிக்கு மேல் இழந்திருப்பார். வாரம் மூன்று என்றால் ஒரு மாதத்தில் படுத்த படுக்கையாகியிருக்க வேண்டும். யாருக்கும் அப்படி ஆவதில்லை.

சுய இன்பத்தால் நரம்புத் தளர்ச்சி வராது, உறுப்பு சுருங்காது, பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகாது. தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் நோயல்ல. நோயாகிப் போவது அந்தப் பயம்தான். சோர்வு, படபடப்பு, முதுகுவலி, படிப்பில் கவனமின்மை எல்லாம் பயத்தினால் வரும், பையன் அதையே "விந்து போன அடையாளம்" என்று எடுத்துக்கொள்வான். பிறகு பஸ் ஸ்டாண்டு சுவரில் விளம்பரம் ஒட்டிய லாட்ஜ் வைத்தியரிடம் போய் ஆயிரக்கணக்கில் லேகியம் வாங்குவான். உபதேசம் கிளப்பிய பயத்தில் லேகிய வியாபாரம் நடக்கிறது. மதுரைப் பெரியாஸ்பத்திரி (அரசு இராஜாஜி மருத்துவமனை) மனநலப் பிரிவில் காட்டுங்கள், அல்லது 14416-ஐ அழையுங்கள். அது டெலி மானஸ் இலவச மனநல எண், தமிழில் பேசலாம்.

பிரம்மச்சரியத்தை ஒரு ஆன்மிக விரதமாக ஒருவர் விரும்பி ஏற்பது அவர் உரிமை. பொய் மருத்துவத்தைச் சொல்லி இளைஞர்களை அதற்குள் தள்ளுவதைத்தான் எதிர்க்கிறோம்.

கல்யாணமாகி நாலு மாசம். மருமகள் மகனைப் பக்கத்தில் விடுவதில்லை. பேய் பிடித்திருக்கிறது என்கிறார் கோடாங்கி.

பேய் ஓட்டப் போகாதீர்கள். இந்தப் பிரச்சினைக்குப் பெயர் உள்ள காரணங்கள் இருக்கின்றன. உறவு கொள்ள முயலும்போது பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தசை அவளை அறியாமல் இறுகிக்கொள்வது ஒன்று. இதை யோனி இறுக்கம் என்கிறார்கள். சிறு வயதில் யாரோ அத்துமீறியதன் நினைவு, தொற்றால் வரும் வலி, விருப்பமில்லாமல் கட்டிவைக்கப்பட்டது, முதல் இரவிலேயே கணவன் முரட்டுத்தனமாக நடந்தது, இவையும் உண்டு. சில சமயம் சிக்கல் கணவனிடம் இருக்கும், அதை மறைக்கப் பழி மனைவி மேல் விழும்.

முதல் வேலை, வற்புறுத்துவதை முழுதாக நிறுத்துவது. ஒவ்வொரு வலியும் அடுத்த இறுக்கத்தைக் கூட்டும், "பழகப் பழகச் சரியாகும்" என்பது இதில் நேர்மாறாகப் போகும். பிறகு பெண் மகப்பேறு மருத்துவரிடம் மருமகள் தனியாகப் பேச வேண்டும், மாமியார் வெளியே இருக்கட்டும். யோனி இறுக்கம் என்றால் மூச்சுப் பயிற்சி, இடுப்புத் தளத் தசையைத் தளர்த்தும் பயிற்சி, பிறகு விரலளவில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாகும், டைலேட்டர் எனும் குழாய் போன்ற கருவிகள். அவற்றை அவளே தன் கையால், தன் வேகத்தில் பயன்படுத்துவாள். சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் ஆகலாம். பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

சாட்டையடியும் மிளகாய்ப் புகையும் சங்கிலியும் சிகிச்சையில் சேர்த்தி இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்ததால் 28 பேர் ஓட முடியாமல் கருகிப்போனார்கள். மனநலம் பாதிக்கப்பட்டவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. கணவன் செய்யும் பாலியல் கொடுமையும் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துக்குள் வரும். பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தால் ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள்.

குழந்தை இல்லை. பரிகாரமாக ஒரு மண்டலம் சேராமல் விரதம் இருக்கச் சொல்கிறார்கள்.

கோயிலுக்குப் போங்கள், வேண்டிக்கொள்ளுங்கள், அதில் தடை சொல்ல எதுவுமில்லை. ஆனால் 48 நாள் சேராமல் இருந்தால் கரு உருவாகக்கூடிய ஒரு முழு மாதச் சுழற்சியாவது வீணாகும். 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 10-ஆம் நாளிலிருந்து 15-ஆம் நாள் வரைதான் வாய்ப்பு அதிகம். 36 வயதுப் பெண்ணுக்கு ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

ஒரு வருடம் முயன்றும் இல்லையென்றால் பரிசோதனை, மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே. முதலில் செய்ய வேண்டியது கணவனின் விந்துப் பரிசோதனை, செலவும் குறைவு வலியும் இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும், வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். கடும் காய்ச்சல் வந்திருந்தால் அடுத்த இரண்டு மூன்று மாதம் எண்ணிக்கை குறைவாகக் காட்டும், அதனால் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரில் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. குறி சொல்லும் இடத்தில் பழி மட்டும் எப்போதும் பெண் தலையில்.

மகன் ஆண்களைத்தான் பிடிக்கும் என்கிறான். ஜெபத்தால், பரிகாரத்தால் மாறுவானா?

மாறமாட்டான். அது நோயும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஓரினச் சேர்க்கையை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது, இந்திய மனநல மருத்துவர் சங்கமும் அது மனநோய் அல்ல என்று 2018-இல் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வயது வந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் உறவை அதுவரை அதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவிலிருந்து விலக்கியது. மாற்றிக் காட்டுகிறேன் என்று செய்யும் "சிகிச்சை"யைத் தடுக்க 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக் கேடு என்று அறிவித்தது. சமூகத்தின் ஒழுக்க மதிப்புகளுக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துவரவில்லை என்பதை வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது.

மாறிவிடுவான் என்று நம்பிப் பெண் பார்த்துக் கட்டிவைப்பதுதான் பெரிய தவறு. ஒன்றுமறியாத இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் போகும். 

மாதவிலக்கின்போது ஒதுக்கிவைப்பது?

கோயிலுக்குப் போகாமல் இருப்பது ஒரு பெண்ணின் சொந்த நம்பிக்கை என்றால் அது அவள் முடிவு. பேரையூர் வட்டாரத்தில் சில ஊர்களில் உள்ளதுபோல வீட்டை விட்டு, மாதவிலக்குக்கென்றே ஒதுக்கிய முட்டு வீட்டுக்கு அனுப்புவதும், பள்ளிக்கு விடாமல் வைப்பதும், நாப்கின் மாற்றத் தண்ணீர்கூட இல்லாத இடத்தில் படுக்க வைப்பதும் உடல்நலத்தைக் கெடுக்கும். பச்சை உடம்புக்காரியைக் கைக்குழந்தையோடு அங்கே அனுப்புவது அதைவிட ஆபத்து. சாமி குத்தம் என்று பூசாரி சொன்னாலும் சரி.

ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் உதவி கிடைக்குமா?

கத்தோலிக்கச் சட்டப்படி பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஃபாதர் யாரிடமும், எந்தக் காரணத்துக்காகவும் சொல்லக் கூடாது. மீறினால் சபை விலக்கம். அதனால் உங்களுக்கோ குழந்தைக்கோ அத்துமீறல் நடந்திருந்து உதவி வேண்டுமென்றால், அந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே, அலுவலகத்தில், முடிந்தால் இன்னொருவர் முன்னிலையில் சொல்லுங்கள். உள்ளே சொன்னதை அவர் கேட்டும் செயல்பட மாட்டார், வெளியே சொன்னால் செயல்படலாம், குழந்தை மீதான குற்றம் என்றால் செயல்படச் சட்டப்படி கடமைப்பட்டவர். குழந்தை மீதான குற்றத்தை அறிந்த "எந்த நபரும்" புகார் தர வேண்டும் என்கிறது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு. குருமாருக்கு அதில் தனி விலக்கு எழுதப்படவில்லை. திருச்சபைக்குள்ளும் 2019-இல் போப் பிரான்சிஸ் கொண்டுவந்த விதிகளின்படி, இத்தகைய விஷயம் தெரிந்த குருக்களும் கன்னியரும் மேலிடத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

பெண்ணைக் கெடுத்துவிட்டான். ஊர்ப் பெரியவர்கள் கோயிலில் வைத்து அவனுக்கே தாலி கட்டச் சொல்கிறார்கள். வழக்கு முடிந்துவிடுமா?

முடியாது. பாலியல் வன்கொடுமை சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் அல்ல. இந்த வழக்குகளில் திருமணம், சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் கடுமையாகச் சொன்னது. பெண்ணுக்கு 18 ஆகவில்லை என்றால் அந்தத் தாலியே இன்னொரு குற்றம். 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நடத்தி வைத்த ஐயர், பாஸ்டர், ஹஜ்ரத் எல்லோருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. அந்தத் திருமணத்துக்குள் நடக்கும் உறவும் குற்றம் என்று 2017 அக்டோபரில் தீர்ப்பு வந்துவிட்டது.

சமரசத்தில் என்ன கெடும் என்றால், சில மாதங்களில் அவன் அவளை விட்டுவிடலாம். அதற்குள் மருத்துவச் சாட்சியங்கள் அழிந்திருக்கும், கருவுற்றிருந்தால் கலைக்கும் கால வரம்பும் நெருங்கிவிடும். சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் மைனர்களுக்கும் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள். மைனரின் பெயர் போலீசுக்குப் போகுமே என்று பயந்து நாட்டு மருந்துக்குப் போகாதீர்கள். அவளும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால் டாக்டர் அவள் பெயரை வெளியிடாமலே தகவல் தரலாம் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மகள் "அந்தச் சாமி என்னைத் தொட்டாரு" என்கிறாள். இப்போது என்ன செய்வது?

நம்புங்கள். அவளிடம் அதைச் சொல்லவும் செய்யுங்கள்: "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல." அதற்குமேல் துருவித் துருவிக் கேட்காதீர்கள். ஆளாளுக்குக் கேட்டால் குழந்தை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றிச் சொல்லும், பின்னால் கோர்ட்டில் அதையே "முரண்பாடு" என்று காட்டுவார்கள். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே, மழலையாக இருந்தாலும் திருத்தாமல், தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள்.

நடந்து மூன்று நாளுக்குள் என்றால் குளிப்பாட்டாதீர்கள், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காதீர்கள். துணியைக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துத் தடயம் கெடும். நேராகப் பெரியாஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போகலாம். எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகுதான் பரிசோதனை என்று யாராவது திருப்பி அனுப்பினால் போக்சோ 27-ஆவது பிரிவைச் சொல்லுங்கள், எஃப்.ஐ.ஆர். இல்லாமலே பரிசோதிக்கலாம். பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், நீங்கள் கூட இருக்கலாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். பூப்பெய்திய பெண் என்றால் அவசரக் கருத்தடை மாத்திரையும் அதே 72 மணி நேரத்துக்குள். தனியார் மருத்துவமனையும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தந்தாக வேண்டும்.

புகாரைக் குழந்தைகள் உதவி எண் 1098-இலோ, அவசர எண் 112-இலோ, அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டியிலும் மகளிர் நிலையங்கள் உண்டு. சம்பவம் வேறு ஊரில் நடந்திருந்தாலும் வாங்கியாக வேண்டும். வாக்குமூலம் வாங்க சீருடை இல்லாத பெண் அதிகாரி வீட்டுக்கே வருவார். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் தர வேண்டும். குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் யாரும் வெளியிடக் கூடாது, உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவும் இதில் அடக்கம். நல்லெண்ணத்தோடு புகார் தந்தவர் மேல் வழக்குப் போட முடியாது. தெரிந்தும் மறைத்தவருக்கு ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பாளர் தன் கீழ் உள்ளவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. சமய நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்குள்ள குழந்தையிடம் இதைச் செய்தால் கூடுதல் தண்டனை. தொடுதல் போன்ற குற்றத்துக்கு 5 முதல் 7 ஆண்டு, ஊடுருவல் இருந்தால் குறைந்தது 20 ஆண்டு.

செய்யக் கூடாதது ஒன்று: முதலில் அந்தச் சாமியிடமோ அவருடைய டிரஸ்டியிடமோ போய் "இப்படியாமே" என்று கேட்பது. சிசிடிவி பதிவு அழியும், மற்ற பிள்ளைகளின் வாய் கட்டப்படும், அன்றிரவே உங்கள் வீட்டுக்குச் சமாதானத் தூது வரும்.

எங்கள் சாமி அப்படிப்பட்டவர் இல்லை. இத்தனை ஆயிரம் பேர் கும்பிடுகிறார்களே?

கும்பிடுபவர்களின் எண்ணிக்கையை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. திருச்சிக்குப் பக்கத்தில் பாத்திமா நகரில் ஆசிரமம் நடத்திய பிரேமானந்தாவுக்கு வெளிநாட்டிலும் பக்தர்கள் இருந்தார்கள். ஆசிரமத்தில் வளர்ந்த ஆதரவற்ற பெண் பிள்ளைகள் தப்பி வந்து சொன்ன பிறகுதான் 1994-இல் கைதானார். புதுக்கோட்டை நீதிமன்றம் 1997 ஆகஸ்டில் பாலியல் வன்கொடுமைக்கும் கொலைக்கும் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது, 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கலைக்கப்பட்ட கருவின் டி.என்.ஏ. முக்கியச் சான்றானது. பிள்ளைகள் சொன்னபோது பக்தர்கள் நம்பவில்லை.

நம் ஊரிலேயே 2012 ஏப்ரலில், கர்நாடகத்தில் பாலியல் வன்கொடுமை வழக்கு நிலுவையில் இருந்த நித்யானந்தா மதுரை ஆதீனத்தின் 293-ஆவது பீடாதிபதியாக அறிவிக்கப்பட்டார். பக்தர்களும் மற்ற ஆதீனங்களும் எதிர்த்துப் போராட, அக்டோபரில் நீக்கப்பட்டார். வழக்கின் முடிவு நீதிமன்றத்தின் வேலை. ஆனால் ஒரு பழம்பெரும் பீடத்துக்கு ஆளை நியமிக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு முறை இருந்திருக்க வேண்டும் என்று சொன்னவர்கள் நாத்திகர்கள் மட்டுமல்ல, திருநீறு பூசிய சைவர்களும்தான். பக்தி உள்ளவர்களுக்கே இதில் முதல் அக்கறை இருக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் கேட்டு 2004-இல் வெளியான ஆய்வில், 1950 முதல் 2002 வரை பணியாற்றிய குருக்களில் ஏறக்குறைய 4 சதவீதம் பேர் மீது புகார் இருந்தது. அப்படியென்றால் மிகப் பெரும்பாலோர் மீது புகார் இல்லை. அங்கே ஊரைக் கொதிக்க வைத்தது, புகாருக்கு ஆளானவரை அடுத்த பங்குக்கு மாற்றி மாற்றி அனுப்பிய மேலிடத்தின் நடத்தை.

அப்படியென்றால் நல்லவரை எப்படி அடையாளம் காண்பது?

பேச்சைவிட நடைமுறையைப் பாருங்கள். "இது எனக்குத் தெரியாது, டாக்டரைப் பாருங்கள்" என்று அவர் வாயிலிருந்து வந்திருக்கிறதா? எங்கள் அனுபவத்தில் இதுவே சிறந்த அளவுகோல். ஆலோசனை நடக்கும் அறையின் கதவு திறந்திருக்கிறதா, கண்ணாடி இருக்கிறதா? பெண்களிடமும் சிறுவர்களிடமும் பேசும்போது இன்னொரு பெரியவர் பார்வையில் இருக்கிறாரா? ராத்திரி பதினொரு மணிக்குத் தனி மெசேஜ் அனுப்புகிறாரா? ஆணின் தவறுக்கும் பெண்ணின் தவறுக்கும் ஒரே அளவுகோல் வைக்கிறாரா, அல்லது ஆணுக்கு "வயசுக் கோளாறு", பெண்ணுக்கு "மானம் போச்சு" என்கிறாரா? படுக்கையறை விவரத்தைத் தேவைக்கு மேல் கிண்டிக் கேட்கிறாரா? நீங்கள் சொன்ன ரகசியம் அடுத்த வாரப் பிரசங்கத்தில் பெயர் இல்லாமல் வருகிறதா? "வீட்டில் சொல்லாதே" என்று ஒரு தடவை சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

நிறுவனத்தையும் பாருங்கள். பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ விடுதி நடத்தினால் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் மற்றும் இல்லங்கள் சட்டப்படி பதிவு வேண்டும், ஆதரவற்ற குழந்தைகள் இருந்தால் இளைஞர் நீதிச் சட்டப்படியும் பதிவு வேண்டும். சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், பணியிடப் பாலியல் தொல்லையை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், சம்பளமில்லாத தொண்டர்களும் அதில் புகார் தரலாம், பொதுவாக மூன்று மாதத்துக்குள்.

ஜமாஅத்தில் எல்லோரும் ஆண்கள். ஒரு பெண் இந்த விஷயத்தை எப்படி அங்கே சொல்வாள்?

சரியான கேள்வி. கணவனுக்கு விருப்பமில்லை, கொடுமை செய்கிறான் என்பதை ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் சபையில், பல இடங்களில் தன் சார்பாக அப்பாவோ அண்ணனோ பேச, ஒரு பெண் எப்படி முழுதாகச் சொல்ல முடியும்? இந்தக் குறையிலிருந்துதான் புதுக்கோட்டையில் ஷரீபா கானம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தைத் தொடங்கினார். பெண்களே உட்கார்ந்து கேட்டு, மார்க்கமும் சட்டமும் தெரிந்தவர்களைக் கலந்து பேசி வழி சொன்னார்கள். இந்தக் கேள்வி ஊர்ப் பஞ்சாயத்துக்கும் சபைக் கமிட்டிக்கும் அப்படியே பொருந்தும். பெண்ணின் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் ஒரு பெண்கூட இல்லையென்றால் அந்த முடிவுக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் கிடைப்பார், எண் 15100.

நான் ஒரு சபையின் போதகர். இந்தக் கேள்விகளோடு என்னிடம் வருகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

கேட்டதற்கு நன்றி. முதல் பத்து நிமிடம் எதையும் தீர்ப்பாகச் சொல்லாமல் கேளுங்கள். பிறகு மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 18 வயதுக்குக் கீழ் யாராவது இதில் இருக்கிறார்களா, யாருக்காவது அடி அல்லது கட்டாயம் நடக்கிறதா, சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா. மூன்றில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் உங்கள் பங்கு ஆலோசனையோடு நிற்காது, அன்றே அடுத்த இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுப்பதற்கு முன்பே, "குழந்தைக்கு ஆபத்து என்றால் நான் சொல்லியாக வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். பின்னால் மாட்டிக்கொண்டு விழிக்க வேண்டாம்.

கணவன் மனைவி சண்டையில் அடி இருந்தால் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசாதீர்கள். அவள் அங்கே சொன்னதற்கு வீட்டில் போய் அடி வாங்குவாள். தனித்தனியாகப் பேசுங்கள், "பொறுத்துக்கொள்" என்ற வசனத்தை எடுக்காதீர்கள். எச்.ஐ.வி. சந்தேகம் என்றால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்கு அனுப்புங்கள், பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். விளக்கம் கேட்க 1097. கல்யாணத்துக்கு முன் நடத்தும் வகுப்பில் ஒரு மணி நேரத்தைப் பெண் டாக்டர் ஒருவருக்குக் கொடுங்கள், நீங்கள் வெளியே போய்விடுங்கள். அப்போதுதான் கேள்விகள் வரும். 1098, 181, 112, 14416, 15100 ஆகிய எண்களை அறிவிப்புப் பலகையில் மட்டுமல்லாமல் பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டுங்கள். அங்கேதான் யாரும் பார்க்காமல் போனில் குறித்துக்கொள்ள முடியும்.